ஒரு மூட்டை எலி ஒப்படைத்ததற்கான சான்று

புச்சி குடியிருப்பு,
கிட்வே.
புதன்கிழமை, பிற்பகல்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
முனைவர் பட்ட ஆய்வேடுகள் பிரிவு,
மியோம்போ பல்கலைக்கழகம்.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

தாங்கள் இதைப் பிரிக்கும் வேளையில் தாங்களும் தங்கள் வீட்டாரும் நல்லபடியாகத் துயில் எழுந்திருப்பீர்கள் என்றும், தங்கள் பக்கம் முதல் மழை பெய்து சோளம் ஊன்றியிருப்பீர்கள் என்றும், தங்கள் அலுவலகத்தில் மின்சாரம் இருக்கும் என்றும் நம்புகிறேன். எங்கள் பக்கம் மழை இருக்கிறது, மின்சாரம் இல்லை, மற்றபடி நலம். என் பெயர் தியாமிகே ஷாவா. வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு. ஒரு பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தங்களிடம் ஆய்வேடு ஒப்படைத்திருக்கும் திருமதி எஸ்னார்ட் ஷாவா என் அம்மா. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே எட்டு ஆண்டுகள் அதை எழுதினார். வரும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பட்டமளிப்புப் பட்டியல் மூடப்படுகிறது. அதற்குள் அம்மாவின் பெயர் ஏறாவிட்டால் அடுத்த பட்டமளிப்பு ஓராண்டு கழித்துத்தான். அதுவரை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அம்மாவுக்காக ஒதுக்கிய விரிவுரையாளர் இடம் காத்திருக்காது. பெயர் ஏறாமல் போனால் அதற்குக் காரணம் அம்மா அல்ல, படிவத்தை நிரப்பிய நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் படிவத்தைக் கறுப்பு மையில் பெரிய எழுத்தில் நிரப்ப வேண்டும் என்று இருந்தது. அம்மாவின் எழுத்து அம்மாவுக்கே பல நாள் புரியாது. ஆகவே கீழே கையொப்பம் மட்டும் போட்டுவிட்டு, "ஏழாவதுக்குத் தொறந்து வைக்கலாம்னு போடு. மிச்சத்தை நீயே பாத்துப் போடு, புத்திசாலிதானே" என்று என்னிடம் கொடுத்துவிட்டுத் தேர்வுத்தாள் திருத்தும் முகாமுக்கு முகுஷி போய்விட்டார். முகாமில் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஏழாவது கேள்வி, ஆய்வேட்டைத் தங்கள் இணையக் களஞ்சியத்தில் யாரும் இலவசமாகப் படிக்கும்படி உடனே திறந்து வைக்கலாமா, இரண்டாண்டு பூட்டி வைக்க வேண்டுமா என்பது. அதற்கு அம்மா சொன்னபடி போட்டேன். ஒன்பதாவது கேள்வி, வெளிநாட்டு விநியோக நிறுவனம் ஒன்று அதன் படிகளை அச்சிட்டு விற்கலாமா என்பது. ஒருவர் 'செய்யலாமா' என்று கேட்கும்போது 'இல்லை' என்பது மரியாதை ஆகாது என்று எனக்குத் தோன்றியது. ஆம் என்று போட்டேன். தங்களுடைய முப்பத்தொரு பக்க விதிமுறையை அதற்குப் பிறகுதான் படித்தேன். முதலில் அதைப் படித்திருக்க வேண்டும்.

ஆய்வேடு எதைப் பற்றியது என்பது தாங்கள் அறிந்ததே. நாங்கள் ங்கோனி இனத்தார். பெம்பா இனத்தாரும் நாங்களும் எங்கள் பாட்டனார்களின் பாட்டனார் காலத்தில் சண்டை போட்டு, பிறகு சமாதானமாகி, அன்றிலிருந்து வாயால் மட்டும் சண்டை போட்டு வருகிறோம். அவர்கள் எங்களை எலி தின்னிகள் என்பார்கள், நாங்கள் அவர்களைக் குரங்கு தின்னிகள் என்போம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாவு வீட்டில் இந்தக் கேலி முறைக்காரர்கள்தான் முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்வார்கள், செய்துகொண்டே கேலியும் பேசுவார்கள். அம்மா சாவு வீடு சாவு வீடாகப் போய் அந்தப் பேச்சுகளைப் பதிவு செய்தார். பேசியவர்கள் அறுபத்து மூன்று பேர். தங்கள் பதினான்காம் விதிப்படி ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கவேண்டும், நிபந்தனை இருந்தால் அது நிறைவேறியதற்குச் சான்று இணைக்க வேண்டும். அறுபத்திரண்டு பேர் பேசாமல் கையொப்பமிட்டார்கள். மிச்சம் ஒருவர் வுசகிலேயில் இருக்கும் கசூபா ஐயா. ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, பெம்பா, ஆய்வேட்டில் நாற்பது பக்கம் அவருடைய பேச்சுதான். அவர் தன் படிவத்தில், 'சம்மதம். ஆனால் எலி தின்னி எஸ்னார்ட் எனக்கு ஒரு மூட்டை எலி தரவேண்டும்' என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்.

இது கேலி என்று எனக்குத் தெரியும். ஆனால் சென்ற வாரம் தங்கள் பதவி முத்திரையுடன் ஒரு கடிதம் வந்தது. 'நிபந்தனை குறித்துக்கொள்ளப்பட்டது. ஒரு மூட்டை எலி ஒப்படைத்ததற்கான சான்றைப் பெற்றுக்கொண்டவரின் கையொப்பத்துடன் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலைக்குள் இணைக்கவும்' என்று இருந்தது. தனி ஆள் செய்வது கேலியாக இருக்கலாம். அலுவலகம் அதற்கு முத்திரை குத்திவிட்டால் அது விதி அல்லவா? அப்பாவிடம் காட்டினேன். அப்பா சுரங்கத்தில் பகல் முறை வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். "உங்கம்மா வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். அம்மா வருவது புதன்கிழமை. விதிமுறையில் 'பாத்துக்கலாம்' என்று எங்கும் இல்லை.

ஆகவே சென்ற வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மினிபஸ் பிடித்து வுசகிலே போனேன். கசூபா ஐயா வாசலில் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து சமைப்பதற்காகக் காயவைத்த கம்பளிப்புழுவில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அடடே, எலிக்குஞ்சு வந்திருக்கு! பொந்துல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம் ஐயா. உங்க படிவத்துல ஒரு வரி இருக்கு. அதை அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடணும்."

"எந்த வரி?"

"எலி வரி."

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "ஏம்மா, இதுல என்ன தப்பு? நல்லா எழுதியிருக்கேனே. மூட்டைதானே கேட்டேன், வண்டியா கேட்டேன்?"

"அலுவலகத்துல நிஜம்னு எடுத்துக்கிட்டாங்க ஐயா."

அவர் சிரித்த சிரிப்பில் கம்பளிப்புழுத் தட்டு கவிழ்ந்தது. பொறுக்கிக் கொடுத்தேன். பிறகு பேனாவை வாங்கினார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "ஒரு பெம்பா ஒரு ங்கோனிக்குச் சொன்ன கேலியைத் திருப்பி வாங்கினான்னு ஊர்ல தெரிஞ்சா நான் எந்தச் சாவு வீட்டுல தலை காட்டறது?" என்று சொல்லிக்கொண்டே அதே வரியின் கீழ், 'எலிகளுக்கு வால் இருக்கக் கூடாது' என்று சேர்த்து, தேதி போட்டு, கையொப்பமும் போட்டார். பதினான்காம் விதியின் இரண்டாம் பிரிவுப்படி தேதியிட்ட திருத்தம் செல்லும். போகும்போது நிபந்தனை ஒன்றாக இருந்தது, திரும்பும்போது இரண்டாகிவிட்டது.

வேறு வழி இல்லை. கடேடேயில் இருக்கும் செப்ரோன் மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். இப்போது வயலில் எலி பிடிக்கும் காலம் முடிந்துவிட்டது, ஆனால் புகைபோட்டுக் காயவைத்த சரக்கு அங்கே சந்தையில் கடைசியாகக் கொஞ்சம் இருக்கும். மாமா, "எதுக்கு?" என்று கேட்டார். "பல்கலைக்கழகத்துக்கு" என்றேன். "படிச்சவங்களுக்கும் இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்று சொல்லி, இருபத்தைந்து கிலோ சோளமாவுப் பையில் ஒரு மூட்டை கட்டி அன்றைக்கே பேருந்தில் ஏற்றிவிட்டார். சனிக்கிழமை மதியம் கிட்வே நிலையத்தில் பார்சல் வாங்கும் இடத்தில் நான் நின்றேன். அந்தப் பேருந்தின் நடத்துநர் பெம்பாவாக இருந்தது என் துரதிர்ஷ்டம். மூட்டையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நிலையம் முழுக்கக் கேட்கும்படி, "எலிக்குடும்பம் யாருது? கடேடேலேருந்து சொந்தக்காரங்க வந்திருக்காங்க, வந்து கூட்டிட்டுப் போங்க! வழியெல்லாம் ஒருத்தரும் சண்டை போடலே, நல்ல பிள்ளைங்க!" என்று கூவினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். ரசீதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்த பிறகு, நானும் அப்பாவும் கொல்லையில் கோணியை விரித்து வால் வெட்ட உட்கார்ந்தோம். புகைபோட்ட எலியின் வால் கத்தரிக்கோலுக்கு முன்பே கையோடு ஒடிந்து வந்துவிடும், ஆனால் சிலவற்றில் கொஞ்சம் மிஞ்சும், அதையும் விடக் கூடாது என்று அப்பாவிடம் சொன்னேன். "நாட்டுல எத்தனையோ பேரு டாக்டர் ஆகியிருக்காங்க. யாரு புருஷனாவது வால் வெட்டினானா?" என்றார் அப்பா. இருந்தாலும் வெட்டினார். நான் உள்ளே தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பியபோது அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. "தரம் பாத்தேன்" என்றார். ஆகவே மூட்டையின் எடை சற்றே குறைவாக இருக்கலாம். தங்கள் கடிதத்தில் எடை குறிப்பிடப்படவில்லை என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

திங்கட்கிழமை மாலை அப்பாவின் நண்பர் ஓட்டிவந்த வண்டியில் மூட்டையை ஏற்றிக்கொண்டு, அப்பா இல்லாமல் நான் வுசகிலே போனேன். கசூபா ஐயாவின் வீட்டு முன்னால் இறக்கி வைத்து, கட்டை அவிழ்த்துக் காட்டி, "வால் இல்லை ஐயா, எண்ணிப் பாக்கலாம்" என்றேன். அவர் ஒரு எட்டு பின்னால் போனார். இன்னொரு எட்டும் போனார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலி ஓரம் கூடிவிட்டார்கள்.

"என்ன கசூபா, விருந்தா?"

"எங்களையும் கூப்புடு, தட்டோட வர்றோம்!"

"நாப்பது வருஷமா வாய் கிழியக் கேட்டியே, வந்துடுச்சு பாரு, தின்னு!"

கசூபா ஐயா மாமரத்தைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, நாப்பது வருஷமா உங்க ஆளுங்ககிட்ட என்னென்னமோ கேட்டிருக்கேன். கொம்பு முளைச்ச கோழி கேட்டேன். பொண்ணு கேட்டேன், அதுவும் தலைவரோட பொண்ணு. ஒருத்தனும் கொண்டாந்து எறக்கலே. இப்படிச் செஞ்சா எப்படி?" என்றார். நான் கேலி செய்யவில்லை, விதிப்படி நடந்துகொண்டேன் என்று விளக்கினேன். அது அவருக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது போலிருந்தது. கடைசியில் தூர நின்றபடியே கையை நீட்டி, 'பெற்றுக்கொண்டேன், வால் இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டார். உடனே மூட்டையைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். அது இப்போது எங்கள் சமையலறையில் இருக்கிறது.

இத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் தங்கள் விதிமுறையின் ஆறாம் பக்கத்தில், சம்மதம் தருபவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பதை அவருக்குப் புரியும்படி வாசித்துக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. அம்மா வாசித்தாரா என்று கேட்டேன். "வாசிச்சா. நான்தான் கேக்காம ஜோக்கு யோசிச்சுட்டிருந்தேன்" என்றார். ஆகவே அவர் முன்னால் உட்கார்ந்து முப்பத்தொரு பக்கத்தையும் வாசித்தேன். இருபதாம் பக்கத்தில் அவர் தூங்குகிறார் என்று நினைத்தேன். ஒன்பதாம் கேள்வி வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"விக்கறதா? யாரு விக்கறா?"

"வெளிநாட்டுல ஒரு நிறுவனம் ஐயா. கேக்கறவங்களுக்கு அச்சுப் போட்டு விப்பாங்க. என் பள்ளிக் கட்டணத்தைவிட விலை அதிகம்."

"எம் பேச்சையா?"

"நாப்பது பக்கம் உங்க பேச்சு."

 அம்மா முன்பே அவருக்குக் காட்டியிருந்த இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் உன்னிடம் இருக்கிறதா என்று அவர் கேட்டார். இருந்தது. வாசிக்கச் சொன்னார். அது அவருடைய மனைவியை அடக்கம் செய்த நாளின் பதிவு. குழி வெட்டி முடித்ததும் ங்கோனி முறைக்காரர் ஒருவர் உள்ளே இறங்கிப் படுத்துக்கொண்டு, 'இந்தக் குரங்கு தின்னியோட சமையல் தின்னே அந்த அம்மா செத்துப்போச்சு. எனக்குக் களைப்பா இருக்கு, முதல்ல நான் படுத்துக்கறேன். கசூபா வந்து கையைப் புடிச்சுத் தூக்கினாத்தான் எழுந்திருப்பேன்' என்கிறார். அதுவரை யார் சொல்லியும் அசையாமல் உட்கார்ந்திருந்த கசூபா ஐயா எழுந்து போய்க் கை கொடுக்கிறார். அதை நான் வாசித்தபோது வேலி ஓரம் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு அவன் குழியில படுக்கலேன்னா நான் எழுந்திருச்சிருக்கவே மாட்டேன். அதைப் போயி காசுக்கு விக்கறதா? காசு குடுத்து வாங்கறவன் எனக்கு என்ன முறை?"

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, கேட்டுவிட்டேன். "இலவசமாப் படிக்கறவங்களும் உங்களுக்கு முறை இல்லையே ஐயா. ஏழாவது கேள்விக்கும் வேண்டாம்னு போட்டுடலாமா? இரண்டு வருஷம் பூட்டி வைக்கலாம்."

"அது வேற" என்றார். "சாவு வீட்டுக்குக் கதவு கெடையாது. போறவன் வர்றவன் ஓரமா நின்னு கேப்பான், அழுவான், சிரிப்பான், போயிடுவான். அது நல்லது. தொறந்தே கெடக்கட்டும், உலகமே வந்து நிக்கட்டும். ஆனா எவனாவது வாசல்ல மேசை போட்டு டிக்கட் குடுப்பானா?"

இப்படிக் கேட்டபோது அவர் கேலி செய்யவில்லை. என்னை எலி என்றுகூடச் சொல்லவில்லை. வண்டி வரை வந்து, "உங்கம்மா பட்டம் என்னால நிக்கக் கூடாது. அந்த ஒன்பதை மட்டும் மாத்தச் சொல்லு" என்றார். நான் மாற்றுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகையால் இயக்குநர் அவர்களே, இத்துடன் இணைத்திருக்கும் சான்றை ஏற்று எலி நிபந்தனை இரண்டு பிரிவுகளும் நிறைவேறியதாகப் பதிவு செய்யவும், ஒன்பதாம் கேள்விக்கு நான் அறியாமல் போட்ட 'ஆம்' என்பதை 'இல்லை' என்று திருத்தவும், ஏழாம் கேள்வியை அப்படியே விட்டு ஆய்வேட்டை எல்லோருக்கும் திறந்து வைக்கவும், அம்மாவின் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் பட்டியலில் ஏற்றவும் மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இருபத்திரண்டாம் விதிப்படி விற்பனை அனுமதியைப் பட்டியல் மூடும்வரை மாற்றலாம், ஆனால் ஆசிரியர் கையொப்பம் வேண்டும். அம்மா இன்று மாலை வந்ததும் கீழே கையொப்பமிடுவார். படிவத்தை நிரப்பியது நான்தான் என்பதால், யாரையாவது பட்டியலிலிருந்து நீக்க வேண்டுமானால் எதிர்காலத்தில் நான் எழுதப்போகும் ஆய்வேட்டை நீக்கிக்கொள்ளலாம்.

தங்கள் வயலில் மழை வேண்டிய அளவு பெய்யவும், தங்கள் மேசையில் தாள்கள் குறையவும், தங்கள் துணைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் எல்லா நலமும் உண்டாகவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
தியாமிகே ஷாவா

பி.கு.: அம்மா வந்துவிட்டார். பையைக்கூடக் கீழே வைக்காமல் தங்கள் கடிதத்தை முதலில் படித்தார், பிறகு என் கடிதத்தைப் படித்தார், பிறகு சமையலறைக்குப் போய் மூட்டையைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று பயந்து அப்பாவைக் கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். தங்கள் கடிதத்தில் கம்பளிப்புழு போலச் சுருண்டிருக்கும் கையொப்பத்தைக் காட்டி, "இது யாருன்னு தெரியலையா உனக்கு? கசாமாக்காரன் லொம்பே! பெம்பா! என் வாய்மொழித் தேர்வுக்கு அவன் வந்தப்ப 'மரத்துலேருந்து எறங்கி எவ்வளவு நேரமாச்சு?'ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டேன். அதுக்குப் பழி வாங்கியிருக்கான்" என்றார். முகாமில் திருப்பிக் கொடுத்த கைபேசியில் தங்கள் அலுவலகச் செய்தி ஒன்றும் இருந்தது. அம்மாவின் பெயர் போன வியாழக்கிழமையே பட்டியலில் ஏறிவிட்டதாம்.

ஆகவே மேலே நான் எழுதிய வணக்கங்கள், மழை, துணைவியார் நலம் ஆகிய அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி அம்மா சொல்கிறார். பேருந்து ரசீதுக்கும் வால் நீக்கியதற்கும் இனி அவசியம் இல்லை என்று அறிகிறேன். ஒன்பதாம் கேள்வியையும் விட்டுவிடலாமா, அதுவும் கசூபா ஐயாவின் கேலியாக இருக்குமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா சிரிப்பை நிறுத்தினார். "ஒன்பதைப் பத்திப் பேசறப்ப அவர் உன்னை ஒரு தடவைகூட எலின்னு கூப்புடலையா?" என்றார். வண்டி ஏறும்வரை இல்லை என்றேன். பேனாவை வாங்கிக்கொண்டார். கீழே உள்ளது அம்மாவின் எழுத்து. புரியாவிட்டால் தொலைபேசியில் கேட்கவும்.

ஏ லொம்பே! என் பிள்ளையை எலி வால் வெட்ட வெச்சுட்டே. மூட்டை வெள்ளிக்கிழமை உன் மேசைக்கு வருது, எத்தனை மரத்துல ஏறினாலும் தப்பிக்க மாட்டே. இதையெல்லாம் சிரிச்சுக்கிட்டே படி. ஒன்பதாம் கேள்விக்கு என் பதில்: இல்லை. இதை மட்டும் சிரிக்காமல் படி.

எஸ்னார்ட் ஷாவா